அப்டேட் ஆகணுமாம்ல... யாரு காசுல?

போன வாரம் கடையில நடந்த கூத்து இது.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி அறிமுகம்: மாகறல்ல, காஞ்சிபுரம் - உத்திரமேரூர் ரோட்டு மேல ஒரு சின்ன கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன்ல அப்ளை பண்ணித் தர்றதுன்னு பொழப்பு ஓடுது.

ஒரு ஆயா பென்ஷன் விஷயமா வந்தாங்க. "ஓடிபி வரும் ஆயா, போனைக் குடுங்க"ன்னேன். சுருக்குப் பையில இருந்து எடுத்துக் குடுத்தாங்க. பட்டன் போன். பின்னாடி மூடி கழண்டு விழாம இருக்க ஒரு ரப்பர் பேண்டு. பிரிண்ட் எடுக்க நின்னுட்டிருந்த தம்பி ஒருத்தன் சும்மா இருக்காம, "இன்னுமா ஆயா இந்த டப்பா? பேரனாண்ட சொல்லி ஒரு டச் போன் வாங்கு. காலத்துக்கு ஏத்த மாதிரி அப்டேட் ஆவணும்"னான்.

ஆயா நிதானமா கேட்டாங்க. "ஏன்யா, இது பேசுது, கேக்குது, லைட்டு எரியுது. இது கெட்டுப் போச்சுன்னு உனக்கு யாரு சொன்னது?"

தம்பி சிரிச்சுட்டான். எனக்கு சிரிப்பு வரல மக்களே. நாலு நாளா அந்தக் கேள்வி மண்டைக்குள்ள குடையுது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்குங்க.

"அப்டேட் ஆகணும்"னு சொல்றவங்க எல்லாம், "மழை வருது, குடை எடுத்துக்கோ"ங்கற மாதிரி சொல்றாங்க. மாற்றம் என்னமோ வானத்துல இருந்து கொட்டுதாம், நாம நனையாம ஒதுங்கிக்கணுமாம். அட போங்கப்பா! ஒவ்வொரு மாற்றமும் எங்கயோ ஏசி ரூம்ல உக்காந்து யாரோ எடுத்த முடிவு. முடிவு அவங்களோடது, லாபம் அவங்களோடது, செலவு மட்டும் நம்மளோடது. டெக்னாலஜி மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. இந்தக் கணக்கு மேலதான் கோவம்.

"நீ யாருய்யா இதைப் பேச?"ன்னு கேப்பீங்க. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நான் எஸ்டிடி பூத்ல ஆரம்பிச்சவன். மஞ்ச போர்டு, கண்ணாடிக் கதவு, சிவப்பு எழுத்துல ரூபா ஓடுற பில்லிங் மெஷின். 2003-ல செல்போனுக்கு இன்கமிங் இலவசம்னு ஆச்சு, பூத்ல ஈ ஓட்டினேன். சரின்னு ரெண்டு கம்ப்யூட்டர் வாங்கி பிரவுசிங் சென்டர். ஸ்மார்ட்போன் வந்து அதுக்கு பால் ஊத்துச்சு. அப்புறம் ஜெராக்ஸ் மெஷின். இப்ப எல்லாரும் போன்லயே பிடிஎஃப் காட்டிட்டு போறாங்க. அதனால இப்ப ஆன்லைன் அப்ளிகேஷன். ஆக, மூணு தடவை அப்டேட் ஆனவன்யா நான்! மூணு தடவையும் கடன் என்னோடது.

அந்தக் கடனோட நினைவுச் சின்னமா கடையில ஒரு டிராயர் இருக்கு. செத்துப்போன மோடம், படிக்க மெஷின் இல்லாத பிளாப்பி, இங்க் இருக்கும்போதே "காலி"ன்னு சாதிச்ச பிரிண்டரோட கார்ட்ரிட்ஜ். இத்தனைக்கும் நடுவுல ஒண்ணு மட்டும் இன்னும் உயிரோட இருக்கு. நோக்கியா 1208. மூடியைக் கழட்டி பேட்டரியை எடுத்துப் பாத்தா உள்ள ஸ்டிக்கர்ல "மேட் இன் இந்தியா".

அந்த இந்தியா எங்கயோ இல்ல. நம்ம ஸ்ரீபெரும்புதூர்.

2005 ஏப்ரல்ல ஒப்பந்தம், 2006 ஜனவரியில உற்பத்தி. இருநூறு ஏக்கருக்கு மேல நிலம், வரிச்சலுகை, சுத்தி சப்ளையர் கம்பெனிங்க. 2011-க்குள்ள அங்க இருந்து 50 கோடி போன் வெளிய போச்சு. நேரடியாவே சுமார் எட்டாயிரம் பேருக்கு வேலை, அதுல நிறைய பேர் சுத்துப்பட்டு கிராமத்து இளம் பொண்ணுங்க. விடியறதுக்கு முன்னாடி கம்பெனி பஸ் வந்து நிக்கும். தலைக்குக் குளிச்சு, பூ வெச்சு, கழுத்துல ஐடி கார்டு மாட்டி ஏறுவாங்க. சொந்த சம்பளம், வீட்ல ஒரு மரியாதை, "கல்யாணம் இப்ப வேணாம்"னு சொல்ற தைரியம். அந்த போன் ஃபேக்டரி எங்க பக்கத்து வீடுகளுக்குக் கொண்டு வந்தது சின்ன விஷயம் இல்ல. அதை நான் மறக்கல.

எங்க தெரு பொண்ணு ஒருத்தி பிளஸ் டூ முடிச்ச கையோட, 2007-ல, பதினெட்டு வயசுல அந்த மாதிரி ஒரு சப்ளையர் கம்பெனியில சேர்ந்தா. சேர்ந்த வருஷமே ஆப்பிள் ஐபோன் வந்துருச்சு. அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டு போன் வந்துருச்சு. நோக்கியாவுல மேல உக்காந்திருந்தவங்க சிம்பியனைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. 2011-ல திடீர்னு விண்டோஸ் போன் பக்கம் சாஞ்சாங்க. அதுவும் போணியாகல. 2013 செப்டம்பர்ல போன் பிசினஸையே மைக்ரோசாஃப்ட்டுக்கு 544 கோடி யூரோவுக்கு விக்கிறதா அறிவிச்சாங்க.

இப்ப சொல்லுங்க, இந்தக் கதையில அப்டேட் ஆகாதது யாரு? அந்தப் பொண்ணா?

அடுத்து வரித் தகராறு. 2013 ஜனவரியில வருமான வரித்துறை சோதனை, வழக்கு, கோர்ட்டு. சொத்து முடக்கத்துல இருந்ததால 2014 ஏப்ரல்ல கைமாறின பிசினஸ்ல நம்ம ஊர் ஃபேக்டரி மட்டும் சேரல. கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒப்பந்தத்துல போன் செஞ்சு குடுத்தாங்க. ஆயிரக்கணக்கான பேரை வி.ஆர்.எஸ்.ல அனுப்பினாங்க. 2014 நவம்பர் 1-ல உற்பத்தி நின்னுச்சு. டிசம்பர்ல பாக்ஸ்கானும் அந்த வளாகத்துல நிறுத்திடுச்சு. அரசாங்கம் வரி கேட்டது தப்புன்னு நான் சொல்ல வரல, கேக்க வேண்டியதுதான். ஆனா ரெண்டு யானை சண்டையில நசுங்கினது எந்தப் புல்லு?

மேல இருந்தவங்க நசுங்கலையே! விற்பனை சமயத்துல நோக்கியா தலைவர் ஸ்டீபன் எலாப்புக்கு சுமார் 1.9 கோடி யூரோ செட்டில்மென்ட்னு செய்தி வந்து, பின்லாந்துலயே பெரிய சண்டை ஆச்சு. தப்பா முடிவெடுத்தவருக்கு கோடி. எடுத்த முடிவே என்னன்னு தெரியாதவளுக்கு வீடு.

அந்தப் பொண்ணுக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. வேற ரெண்டு மூணு கம்பெனி வாசல்ல போய் நின்னா. "வயசு கூடிப் போச்சும்மா, இருபத்திரெண்டுக்குள்ளதான் எடுக்கிறோம்"னாங்க. இருபத்தஞ்சு வயசு பொண்ணு அவுட் ஆஃப் டேட்டாம்! இப்ப வாலாஜாபாத் பக்கம் காண்ட்ராக்ட்ல பேக்கிங் வேலைக்குப் போறா. ஒரு தடவை ரீசார்ஜ் பண்ண வந்தப்ப என்கிட்ட சொன்னா: "போனுக்குக் கூட ஒரு வருஷம் வாரண்டி போட்டு அனுப்புவோம்ணா. எங்களுக்கு அது கூட போடல."

அதுக்கப்புறம் அதே இடத்தை சால்காம்ப்னு ஒரு சார்ஜர் கம்பெனி வாங்கினதா 2019-ல அறிவிப்பு வந்துச்சு. 2022-ல ஐபோன் 14 நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல செய்றதா செய்தி. பெருமைதான், கை தட்டினேன். ஆனா 2021 டிசம்பர்ல ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டு பாக்ஸ்கான் பொண்ணுங்க ஆஸ்பத்திரியில படுத்ததும், மத்தவங்க பெங்களூர் ஹைவேயில உக்காந்ததும் இதே ஊர்லதான். போன் மாடல் எத்தனையோ தடவை மாறிடுச்சு, அந்தப் பொண்ணுங்களோட நிலைமைதான் பழைய வெர்ஷன்லயே நிக்குது.

இப்ப கையில இருக்கிற போனுக்கு வருவோம். 2007 ஆகஸ்ட்ல நோக்கியா பிஎல்-5சி பேட்டரி கலாட்டா ஞாபகம் இருக்கா? 4.6 கோடி பேட்டரி சூடாகலாம்னு கம்பெனியே அறிவிச்சுச்சு. ஊரே மூடியைக் கழட்டி நம்பர் பாத்துச்சு. பிரச்னை இருந்தா பேட்டரியை மட்டும் மாத்திக்கலாம். நகம் இருந்தா போதும்! அந்த பிஎல்-5சி இன்னிக்கும் எங்க கடையில விக்குது, பாட்டுப் பொட்டிக்குப் போடறாங்க. இப்ப வர்ற போன்ல? எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கான். சூடு காட்டி, நெம்பி, ஸ்கிரீன் உடையாம இருக்க சாமி கும்பிட்டுத்தான் தொறக்கணும். மெக்கானிக்கே "புதுசு வாங்கிடுங்க சார்"ங்கறாரு. பேட்டரி வயசாகறது இயற்கை. அதைத் தொறக்க முடியாம ஒட்டினது இயற்கையா? யாரோ போட்ட பிளான்!

சட்டம் போட்டா மாறும்ங்கறதுக்கு ஐரோப்பாவே சாட்சி. போன் மாதிரி சாதனங்கள்ல பேட்டரியை வாங்கினவங்களே கழட்டி மாத்தற மாதிரி இருக்கணும்னு 2023-ல விதி போட்டாங்க, 2027 பிப்ரவரியில இருந்து அமல். நம்ம ஊர்லயும் 2022-ல ரிப்பேர் உரிமைக்குன்னு மத்திய அரசு கமிட்டி போட்டுச்சு, வெப்சைட் தொறந்துச்சு. கட்டாயச் சட்டம்னு வரணும், அதான் விஷயம்.

இன்னொண்ணு. 2020 டிசம்பர்ல ஒரு மொபைல் மாநாட்டுல முகேஷ் அம்பானி, 30 கோடி பேர் இன்னும் 2ஜி-யில மாட்டிக்கிட்டிருக்காங்க, அவங்களை சீக்கிரம் மாத்தணும்ங்கற அர்த்தத்துல பேசினாரு. மாட்டிக்கிட்டிருக்காங்களாம்! எங்க ஆயா மாட்டிக்கல சாமி, அவங்க பாட்டுக்கு பேசிட்டிருக்காங்க. அவங்க போனை சாகடிக்க ஆயாவைத் தொட வேண்டியதில்ல, டவர்ல ஒரு சுவிட்சை அணைச்சா போதும். அப்புறம் "பாத்தியா, நீ அப்டேட் ஆகல"ம்பாங்க.

கடை விஷயமும் இதேதான். க்யூஆர் அட்டை குடுக்க வந்தவங்க "எல்லாம் ஃப்ரீ"ன்னாங்க. அப்புறம் காசு வந்தா சத்தம் போடுற பொட்டி வெச்சாங்க, அதுக்கு மாச வாடகை. நெட் போற நேரத்துல பொட்டி ஊமை, நான் கஸ்டமர் மூஞ்சியைப் பாத்து நம்பணும். ஆனா வாடகை மட்டும் நெட் இல்லாட்டியும் கரெக்டா போகுது. :-)

"சில்லறைத் தொல்லை ஒழிஞ்சுதே, அது நல்லது இல்லையா?" நல்லதுதான். யூபிஐ இல்லாம என் கடை ஒரு நாள் ஓடாது. "அப்ப எஸ்டிடி பூத்தையே கட்டிக்கிட்டு அழவா?" வேணாம். புதுசு வரட்டும். நான் கேக்கறது நாலே நாலு:

1. பொருளைத் தொறக்கற மாதிரி செய்யுங்க. பேட்டரியும் ஸ்பேரும் வெளிய கிடைக்கணும்.

2. எத்தனை வருஷத்துக்கு வேலை செய்யும், எப்ப வரைக்கும் சாஃப்ட்வேர் தருவீங்கன்னு டப்பா மேல, விலை போடற எழுத்து சைஸ்ல போடுங்க.

3. புது வழி தொறக்கறப்ப பழைய வழியை அடைக்காதீங்க. ரொக்கம், காயிதம், பட்டன் போன் மூணும் உயிரோட இருக்கட்டும்.

4. ஊர் நிலத்துலயும் சலுகையிலயும் ஆலை வெக்கிறவங்க, இழுத்து மூடினா தொழிலாளிக்கு என்ன செய்வீங்கன்னு ஆரம்பத்துலயே எழுதிக் குடுங்க. சப்ளையர் கம்பெனி ஆளுங்களையும் சேர்த்து.

பேராசையா? எங்க ரோட்டுலயே தெக்க போனா உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல பராந்தகச் சோழன் காலத்து குடவோலை கல்வெட்டு, 919, 921-ம் வருஷத்துது. யார் பேரைக் குடத்துல போடலாம், யார் பேரைப் போடக் கூடாதுன்னு பெரிய பட்டியல். அதுல ஒரு விதி: வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாம போனவனும், அவன் உறவுக்காரங்களும் திரும்ப வரக் கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே எங்க பக்கத்து ஊர்க்காரங்களுக்கு, பொறுப்பு எடுக்கறவன் கணக்கு காட்டணும்னு தெரிஞ்சிருக்கு.

அவ்ளோதான் நானும் கேக்கறேன். மாத்தறவங்க முதல்ல கணக்கைக் காட்டட்டும். யாருக்கு எவ்ளோ லாபம், யாரு தலையில எவ்ளோ செலவு. அதைப் பாத்துட்டு நாங்க அப்டேட் ஆகறதா வேணாமான்னு முடிவு பண்றோம்.

டிஸ்கி: ஆயாவுக்கு ஓடிபி அந்த டப்பா போன்லயே டாண்ணு வந்துச்சு, அப்ளை பண்ணியாச்சு. ரப்பர் பேண்டு மட்டும் நைஞ்சு போயிருந்தது, புதுசு மாட்டி அனுப்பினேன். இந்த வருஷத்து அப்டேட் முடிஞ்சுது :-)