பளபளப்பைப் பார்த்து ஏமாறலாமா?

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். முருகனைக் கும்பிட்டு இறங்கும் குடும்பங்கள் கடைவீதியில் நிற்காமல் ஊர் திரும்புவது அபூர்வம். தங்கைக்கு வளையல், தம்பிக்குப் பொம்மை, வேலைக்குப் போகும் அண்ணனுக்கு ஒரு பெல்ட்.

பெல்ட் பளபளக்கிறது. "அசல் தோல்" என்று முத்திரையும் இருக்கிறது. விலை மலிவு. தகப்பனார் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். மூன்று மாதம் கழித்து மேல் பூச்சு உரிகிறது. உள்ளே இருப்பது துணியும் அட்டையும்!

இது எந்த ஊரிலும் நடக்கக் கூடியது. ஆனால் இந்தப் பக்கத்து மக்கள் ஏமாறுவது வருத்தத்துக்கு உரியது. தோல் தொழிலுக்குப் பேர்போன ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் அதிக தூரத்தில் இல்லை. தோலை ஆராய்வதற்கென்றே 1948-ல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

நல்ல பெல்ட்டை அறிவது எப்படி?

முதலில் ஓரத்தைப் பார்க்க வேண்டும். நல்ல தோல் நார் நாராகப் பின்னி, ஒரே கட்டியாக இருக்கும். போலியில் அடுக்கு அடுக்காகத் தெரியும். ஓரத்தில் மை பூசியிருந்தால் துளையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.

இரண்டாவது, வளைத்துப் பார்க்க வேண்டும். நல்ல தோல் மெல்லிய சுருக்கம் காட்டி, விட்டதும் நேராகும். மட்டமானது வெடிக்கும்.

மூன்றாவது, மேற்புறம். அசல் தோலில் மயிர்க்கால்கள் ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒரே கோலம் திரும்பத் திரும்ப வந்தால் அது இயந்திரம் அழுத்திய அச்சு.

நான்காவது, பக்கிள். அது சேரும் இடத்தில் உறுதியான தையலோ திருகாணியோ வேண்டும். வெறும் பசை நிற்காது.

தோல் தூளைப் பசையுடன் கலந்து தகடாக்கிச் செய்த பெல்ட்டும் உண்டு. அதிலும் தோல் இருக்கிறது, உரம்தான் இல்லை! ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட கெட்டித் தோலோ பெல்ட்டுக்கு மிகவும் ஏற்றது. நனைந்தால் நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் ஆகாது.

அளவும் முக்கியம். ஐந்து துளை இருந்தால், நடுத்துளை இடுப்புக்குச் சரியாக இருக்க வேண்டும்.

ரெக்சின் பெல்ட்டை ரெக்சின் என்று சொல்லி விற்பதில் குற்றம் இல்லை. ஏழைக்கு அது உதவும். விரதம் இருப்போர் சிலர் தோலே வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கும் அது உதவும். தோல் என்று சொல்லி ரெக்சினைக் கொடுப்பதுதான் குற்றம். அதனால் இரண்டு பேருமே ஏமாறுகிறார்கள்.

வாங்குவோர் ரசீது கேட்டு வாங்க வேண்டும். "தோல்" என்று அதில் எழுதச் சொல்ல வேண்டும். கேட்பதில் வெட்கம் எதற்கு? பொருளின் தரத்தை அறிவது வாங்குவோர் உரிமை என்று 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம்.

வருஷத்துக்கு மூன்று மலிவு பெல்ட் வாங்குகிறவர், ஒரு நல்ல பெல்ட்டின் விலையை எப்போதோ கொடுத்து விட்டார். ஆனால் அவர் இடுப்பில் நல்ல பெல்ட் இல்லை!