ஒரு திங்களில் ஒரு சக்கரம்

இலக்கியம் பேசும் இடத்தில் மல்லர்களுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். எம் தருமபுரி மாவட்டத்தைப் பொறுத்தவரை இக்கேள்விக்குச் சங்க காலத்திலேயே விடை கிடைத்துவிட்டது. தகடூர் என்று அன்று வழங்கிய இவ்வூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பகைவருக்கு அறிமுகம் செய்யும் ஔவையார், அவனுடைய குலத்தையோ கொடையையோ அங்கே சொல்லவில்லை. அவனைப் 'பொருநன்' என்கிறார். போரிடுபவன், களத்தில் நேர் நிற்பவன் என்று பொருள். புறநானூற்றின் 87ஆம் பாடல் அது. அவன் வலிமைக்கு அவர் காட்டும் உவமை, நம்மை நெடுநாளாக விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒரே நாளில் எட்டுத் தேர்களைச் செய்து முடிக்கவல்ல கைத்திறன் படைத்த தச்சன் ஒருவன், ஒரு மாதம் முழுவதும் உழைத்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எத்தகைய உறுதியோடு இருக்கும்? அத்தகையவன் அதியமான் என்கிறார் ஔவையார்.

இவ்வுவமையில் வீரனுக்கு மட்டுமே நாம் இடம் கொடுத்து வந்திருக்கிறோம். சக்கரம் நம் கண்ணில் படுகிறது. அதற்காக ஒரு மாதத்தைச் செலவிட்ட தச்சனை மறந்துவிடுகிறோம். மற்போராளிகளையும் அவர்களை உருவாக்கும் ஆசான்களையும் நம் சமூகம் நடத்தும் முறையும் இதுவேதான் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்பும் செய்தி.

மற்போரைப் பற்றிய நம் மிகப் பழைய நேர்முக வருணனைகளுள் ஒன்றும் புறநானூற்றிலேயே இருக்கிறது. 80ஆம் பாடலில் சாத்தந்தையார், சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத காட்சியை வரைகிறார். கிள்ளியின் ஒரு கால் எதிரியின் மார்பை மண்டியிட்டு அழுத்துகிறது. மறுகால் அவனுடைய உபாயங்களைத் தடுத்துப் பின்புறம் வளைக்கிறது. இன்று ஜியு-ஜிட்சு பயிலும் இளைஞர் எவரிடமும் இக்காட்சியை விவரித்தால், தாம் நாள்தோறும் பழகும் நிலை இது என்று உடனே சொல்லிவிடுவார். மோதியவன் தரையில் வீழ்ந்த பிறகும் போர் தொடர்கிறது என்பதையும், எங்கே எடையை வைப்பது, எந்தக் காலை எங்கே செருகுவது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது என்பதையும் அப்புலவர் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். கிள்ளியோடு பிணங்கியிருந்த தந்தை தித்தன், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இக்காட்சியைக் காண வேண்டும் என்று விழைகிறார். ஆனால் தோற்ற மல்லனுக்கு ஊர்ப்பெயர் மட்டுமே எஞ்சியது. கிள்ளிக்கு அப்பிடியைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்ற செய்தியோ பாடலில் இல்லை.

காலம் கடந்து நம் காலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் மற்போரின் பிடிகள் உயிரோடு இருக்கும் இடம் சடுகுடுக் களம். கபடியை ஓட்டமும் மூச்சும் கலந்த விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது பாடிச் செல்பவரின் பக்கத்திலிருந்து பார்க்கும் பார்வை. எதிரில் நிற்கும் எழுவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது முழுக்க முழுக்கப் பிடியின் கலை. கணுக்கால் பிடி, தொடைப் பிடி, இடுப்புப் பிடி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஒரு நொடியும் உண்டு. அந்த நொடி தவறினால் வலிமையால் பயனில்லை.

இக்கலையில் நம் காலத்துத் தமிழர்களில் முதலிடம் பெறத்தக்கவர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியில் 1975ஆம் ஆண்டு பிறந்தவர். மூலையில் நிற்கும் தடுப்பாட்டக்காரர். புரோ கபடி லீக் 2014ஆம் ஆண்டு சூலையில் தொடங்கியபோது அவருக்கு வயது 39. மற்ற விளையாட்டுகளில் பலர் ஓய்வு பெற்று வருணனையாளர்களாக அமர்ந்துவிடும் வயதில்தான் நாடு அவரைத் தொலைக்காட்சியில் முதன்முறையாகக் கண்டது. 2016ஆம் ஆண்டு சூலையில் பாட்னா பைரேட்ஸ் அணியின் தலைவராக நின்று, இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் அணியை 37-29 என்ற கணக்கில் வென்று கோப்பையைக் கைப்பற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில், இடைவேளையின்போது ஈரானிடம் பின்தங்கியிருந்து பின்னர் 38-29 என்று வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைமை தாங்கினார். தம்மில் பாதி வயதுடைய பிள்ளைகள் அவரை 'அண்ணா' என்றே அழைத்தனர். வடநாட்டு வருணனையாளர்களும் அச்சொல்லையே எடுத்துக்கொண்டனர்.

இவ்வாழ்க்கையை ஏடுகள் எழுதிய விதத்தில் எமக்கு ஒரு மனக்குறை உண்டு. நாற்பது வயதிலும் இப்படியா என்ற வியப்பைத் தாண்டி அவை பெரும்பாலும் செல்லவில்லை. முதுமையை வென்ற அதிசயம் என்று சொல்லி முடித்துவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் தொழிலை நாம் பார்க்கத் தவறுகிறோம். மூலையில் நிற்பவருக்கு வேகத்தைவிடக் கணிப்பு முக்கியம். பாடி வருபவர் எந்தக் காலில் எடையை ஊன்றுகிறார், மிகைப்புள்ளிக்காக எந்தக் காலை நீட்டப்போகிறார், எப்போது உடலைத் திருப்பி நடுக்கோட்டை நோக்குவார் என்பதை முன்னுணர வேண்டும். பாய்வதற்கு ஒரு நொடி முன்பு வரை பாயும் எண்ணமே இல்லாதவர்போல் நிற்க வேண்டும். மண் களத்தில் கற்ற பிடி, காலணி அணிந்து ஆடும் செயற்கை விரிப்பில் அப்படியே பலிக்காது. இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். இவை ஆண்டுக்கணக்கில் உடலில் படியும் அறிவு. சேரலாதனின் நாற்பது வயது இக்கலைக்குத் தடையாக இருக்கவில்லை. இக்கலை முற்றுவதற்கு அந்த வயது தேவைப்பட்டது என்றே சொல்லலாம். அவரும் ஒரு திங்கள் முழுவதும் செய்யப்பட்ட சக்கரம்தான்.

எனினும் கேமரா வருவதற்கு முன் அவர் ஆடிய ஆட்டங்கள் ஏராளம். அவை எந்த ஊர்த் திடலில் நடந்தன, யார் அவருக்கு முதல் பிடியைத் திருத்திக் கொடுத்தார்கள் என்பதை ஒரு தமிழ் வாசகர் அறிந்துகொள்ள விரும்பினால் நூலகத்தில் எடுத்துப் படிக்க என்ன இருக்கிறது? 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்து, 1995ஆம் ஆண்டுக்கான அருச்சுனா விருதும் பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி 2025இல்தான் ஒரு திரைப்படம் வந்தது. வெற்றி பெற்றவருக்கே முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றால், அவர்களைப் பழக்கிய ஆசான்கள் எவ்வளவு காலம் காத்திருப்பது?

சேரலாதன் ஆசானாக மாறியபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2024ஆம் ஆண்டின் பதினோராவது பருவத்தில் தமிழ் தலைவாஸ் அணிக்கு உதயகுமார் தலைமைப் பயிற்சியாளராகவும், சேரலாதன் வியூகப் பயிற்சியாளராகவும் அமர்த்தப்பட்டனர். தமிழ்ப் பெயர் தாங்கிய அணிக்குத் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் ஒருவரே பிடி கற்றுத்தர வந்தது எமக்குப் பெரும் மகிழ்ச்சி அளித்தது. அப்பருவத்தில் அணி அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. 2025இல் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு வேறொருவருக்குச் சென்றது. இதில் எவரையும் குறை கூறுவது எம் நோக்கமன்று. பணம் போட்டு அணி நடத்துபவர்கள் வெற்றியை எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் உடலில் சேர்த்த அறிவை மற்றவர் உடலில் ஏற்ற, சில மாதங்கள் போதும் என்று எதிர்பார்ப்பது தச்சனிடம் எட்டுத் தேர்களை மட்டுமே கேட்பதாகும். பருவக் கணக்கில் இயங்கும் லீக்கில் இதற்கு மாற்று இல்லை என்றால், மாற்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். பள்ளியில், ஊர்த் திடலில், மாவட்ட விளையாட்டரங்கில் இருக்க வேண்டும்.

இவ்விடத்தில் பிரேசில் நாட்டாரிடமிருந்து நாம் கற்க ஒன்று உண்டு. ஜப்பானின் கொடோகன் பள்ளியில் பயின்று, பல நாடுகளில் சவால் மற்போர்கள் புரிந்த மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் சென்றார். பெலெம் நகரில் தங்கி, 1941இல் அங்கேயே மறைந்தார். அவரிடம் கற்ற இளைஞர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. கார்லோசும் அவர் தம்பி எலியோவும் வளர்த்த கலையே இன்று உலகெங்கும் பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்று வழங்குகிறது. அக்கலையில் கருப்புப் பட்டை பெறப் பலருக்குப் பத்தாண்டுகள் ஆகின்றன. பட்டை பெற்றவர், தம் ஆசான் யார், ஆசானின் ஆசான் யார் என்று மயேடா வரை வரிசையாகச் சொல்லிக்கொள்வது அங்கே வழக்கம்.

அதைவிட வியப்பானது ஒன்று. 1951 அக்டோபரில் ரியோ நகரின் மரக்கானா அரங்கில் எலியோ கிரேசியை ஜப்பானியர் மசாஹிகோ கிமுரா ஒரு கைப்பூட்டினால் வென்றார். எலியோ விட்டுக்கொடுக்கவில்லை, அண்ணன் கார்லோஸ்தான் தோல்வியை ஏற்று ஆட்டத்தை நிறுத்தினார். தோற்ற அந்தக் குடும்பத்தின் கலையில், அந்தப் பூட்டுக்கு இன்று வழங்கும் பெயர் 'கிமுரா'. தம்மை வென்றவரின் பெயரையே தம் கலைச்சொல்லாக ஏற்றுக்கொண்டு, தலைமுறைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு பிடியின் பெயரிலேயே வரலாற்றைப் பொதிந்து வைத்துவிட்டார்கள். ஆமூர் மல்லனின் பெயரை இழந்த நாம் இதை எண்ணிப் பார்க்கலாம்.

நமக்குப் பதிவு செய்யும் வழக்கமே இல்லை என்று சொல்வதற்கும் இல்லை. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களைப் பாருங்கள். அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், ஆநிரை மீட்டு வீழ்ந்த செய்தி என இப்பகுதியின் நடுகற்கள் ஊர்ப்புற வீரர்களையும் மறவாமல் குறித்து வைத்திருக்கின்றன. நம் அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில், எடுத்தனூரில் உள்ள பல்லவர் காலத்து நடுகல், தன் தலைவனுக்காகக் கள்வரைக் கடித்து நின்ற நாயின் பெயரைக்கூடக் 'கோவிவன்' என்று பொறித்திருக்கிறது. நாயின் நன்றியையும் கல்லில் எழுதிய மண்ணில், பிடி கற்றுத்தந்த ஆசானின் பெயரை எழுத ஒரு தாள் இல்லாமல் போனது எப்படி?

பெயர்களை எழுதி வைப்பதால் வெற்றி வந்துவிடுமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெயர்ப் பட்டியல் எவரையும் வீரராக்காது. ஆயினும் யாரை மதிக்கிறோம் என்பதைப் பொறுத்தே யாருக்கு இடமும் காலமும் ஒதுக்குகிறோம். எம் மாவட்டத்தில் தொழிற்சாலைகள் குறைவு. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்லும் குடும்பங்கள் மிகுதி. பென்னாகரத்திலோ அரூரிலோ பாலக்கோட்டிலோ ஒரு பிள்ளைக்குக் கபடி என்பது கோப்பை மட்டுமன்று. கல்லூரி இடமாகவும், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலையாகவும் மாறக்கூடிய வழி. அப்பிள்ளையின் கணுக்கால் பிடி சரியா என்று பார்த்துச் சொல்ல, ஐந்தாறு ஆண்டுகள் ஒரே இடத்தில் ஒரே ஆள் இருக்க வேண்டும். விளையாட்டுப் பாட வேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதை இயல்பாகக் கருதும் வரையில் அது நடவாது. பொங்கலுக்கு மின்னொளிக் கபடி நடத்தி, சுழற்கோப்பை கொடுத்து, பதாகையில் தலைவர்களின் படங்களை அச்சிடும் ஊர்கள், அந்தப் பதாகையின் ஓர் ஓரத்தில் பிள்ளைகளைப் பழக்கியவரின் பெயரை அச்சிட என்ன தடை?

ஆகவே நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் சடுகுடு ஆடிய முதியவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் சென்று, அவர் வென்ற கோப்பைகளைப் பற்றிக் கேட்பதற்கு முன், அவருக்கு முதல் பிடியைக் கற்றுத்தந்தவர் யார் என்று கேளுங்கள். அந்தப் பிடிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்றும் கேளுங்கள். ஆண்டு, ஊர், பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். அவருக்கும் பிறகு அதைச் சொல்ல அவ்வூரில் வேறு ஆள் இருக்கமாட்டார்.