பாலகன் விரலும் பெற்றோர் பணமும்

பினாங்கின் கெலுகோர் அடுக்குமாடி வீடொன்றில், அன்னையின் கைப்பேசியில் விளையாடும் பாலகன், அதில் பதிந்துள்ள வங்கி அட்டையின் வாயிலாக மாய வைரங்களையும் வாள்களையும் வாங்கிவிட்டானென்றால், அவன்மீது கோபாவேசம் கொள்வதற்கு முன்னர், அனுமதியைக் கேளாமலே பணத்தைப் பற்றிக்கொள்ளும் வியாபார தந்திரத்தையன்றோ நாம் விசாரிக்க வேண்டும்? ஒருமுறை கடவுச்சொல் இட்டபின் பதினைந்து நிமிஷம் வரை மீண்டும் கேளாது கட்டணம் விதித்ததென்ற குற்றச்சாட்டின்மீது, ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைப் பெற்றோருக்குத் திருப்பித்தர 2014-இல் அமெரிக்காவில் உடன்பட நேர்ந்தது. நம் மலேசிய தேசத்திலும், வயது நிரம்பாத சிறார்க்கு ஒப்பந்தம் செய்யும் தகுதியில்லையென்பது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் விதி. ஆதலின், பெற்றோரே, ரசீதைப் பத்திரப்படுத்தி, விற்ற தளத்திடமும் வங்கியிடமும் தாமதமின்றி எழுத்துமூலம் முறையிடுங்கள். மறுத்தால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை நாடுங்கள்.