அடுக்குப் பெட்டியும் அப்பாவோட இரும்புப் பொட்டியும்

மிட்டெர்ம் ஒரு வழியா முடிஞ்சுது மக்களே. ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கற விஷயத்தை இன்னிக்காவது எழுதிடறேன். டிஸ்கி: இது நியூவர்க்ல ஒரு காலேஜ் பட்டறையில பார்ட் டைமா ஸ்பேனர் துடைக்கிறவனோட பொலம்பல். ஸ்பேனரே பிடிக்காதவங்களும் தைரியமா படிக்கலாம் :-)

இங்க எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லாம் வேன்ல இருந்து இறங்கும்போது கவனிச்சிருக்கீங்களா? நம்ம ஊர் டிபன் கேரியர் மாதிரி ஒன்னு மேல ஒன்னா மாட்டின பிளாஸ்டிக் பெட்டிகளை உருட்டிக்கிட்டுப் போவாங்க. அடியில சக்கரம் வச்ச பெரிய பெட்டி, அதுக்கு மேல டிரில், அதுக்கும் மேல ஸ்க்ரூ, பிட்டு. மில்வாக்கி கம்பெனி 2017ல பேக்கவுட்னு ஒன்னு கொண்டு வந்ததுக்கு அப்புறம் இந்த மோகம் ரொம்பவே ஜாஸ்தி. அதோட சக்கரப் பெட்டி 250 பவுண்டு தாங்கும்னு கணக்கு. மழைத்தண்ணி, தூசி உள்ள போகாது. நாலு நடை நடந்து தூக்கிட்டு வந்ததை ஒரே நடையில கொண்டு வரலாம். இடுப்பு வலிக்கிற வயசுல இருக்கறவங்களுக்கு இது பெரிய வரம், சும்மா சொல்லக்கூடாது.

புது டிசைன்கள்ல நல்ல மாற்றங்களும் இருக்கு. டிவால்ட்டோட டஃப்சிஸ்டம் 2.0 பெட்டியை இன்னொன்னு மேல வச்சா போதும், பக்கவாட்டுக் கொக்கி தானா டக்குனு மாட்டிக்கும். கையில கிளவுஸ் போட்டுக்கிட்டு குளிர்ல நிக்கறவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

குறை? டிபன் கேரியரோட குறைதான். ரசம் அடித்தட்டுல இருந்தா மொத்தத்தையும் பிரிக்கணும் இல்லையா, அதே கதை. டிராயர் வச்ச பெட்டி வந்து அதைக் கொஞ்சம் சரி பண்ணிச்சு, ஆனா அதுவே தனிக் கனம். மூடி மேல மாட்டறதுக்குன்னு மேடு பள்ளம், தடிச்ச சுவர் எல்லாம் போக உள்ள மிஞ்சற இடம் வெளியில பார்க்கிற அளவுக்கு இருக்காது.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். என்னால பொறுக்க முடியாதது வேற.

எங்க பட்டறையில ஒரு கம்பெனியோட (பேர் வேண்டாம்) பழைய பெட்டிகள் மூணு இருந்துச்சு. போன செமஸ்டர் அதே கம்பெனி, அதே நிறத்துல புதுத் தலைமுறைப் பெட்டி ரெண்டு வாங்கினோம். மேல வச்சா உட்காருது, ஆனா பூட்டலை. சரி, உட்காருதேன்னு உருட்டிட்டுப் போனேன். சரிவுல இறங்கும்போது மேல் பெட்டி வழுக்கி விழுந்து உள்ள இருந்த மைக்ரோமீட்டர் காலி. என் கால் விரல் தப்பிச்சது அதிர்ஷ்டம். பட்டறைப் பெரியவர் திட்டவே இல்லை. பழைய மூணு பெட்டியையும் தூக்கி ஓரமா வச்சுட்டு, "இது மூணும் இனி தனி நாடு"ன்னு மட்டும் சொன்னார்.

பழைய பூட்டு மோசம், மாத்தினாத்தான் முன்னேற்றம்னு கம்பெனிக்காரங்க சொல்லலாம். நான் ஒத்துக்க மாட்டேன். ஜெர்மனியோட சிஸ்டெய்னரைப் பாருங்க. 1993ல வந்தது, அப்போ நாலு கிளிப். 2010ல அதைத் தூக்கிட்டு, முன்னாடி ஒரே ஒரு திருகு குமிழ் வச்சாங்க. ஒரு திருப்புல திறக்கும், இன்னொரு திருப்புல அடுத்த பெட்டியோட கோத்துக்கும். இருந்தும் பழைய நாலு கிளிப் பெட்டியோட சேர்ந்துச்சு. அதுக்கடுத்த தலைமுறையில முன்பக்கக் கைப்பிடி வந்துச்சு, உயரங்கள் எல்லாம் மாறிச்சு, ஆனா 2010 பெட்டியோட இன்னமும் கோத்துக்குது. மகீட்டாவோட மேக்பேக் பெட்டி கூட பழைய சிஸ்டெய்னரோட அடுங்கும். விலைதான் ஆனை விலை, அது வேற பஞ்சாயத்து.

இன்னும் பெரிய உதாரணம் நான் இருக்கற ஊர்லயே இருக்கு. 1956 ஏப்ரல் 26, இதே நியூவர்க் துறைமுகத்துல இருந்து ஐடியல் எக்ஸ்ங்கற கப்பல் 58 கண்டெய்னரோட ஹூஸ்டன் கிளம்பிச்சு (டெக்சாஸ் மக்களே, உங்க ஊருக்குத்தான்!). அனுப்பினவர் மால்கம் மெக்லீன், லாரி ஓட்டி முன்னுக்கு வந்தவர். கொஞ்ச நாள்ல ஆளாளுக்கு ஒரு அளவு வச்சாங்க. இவர் கம்பெனிக்கு 35 அடி, கலிபோர்னியாவோட மேட்சன் கம்பெனிக்கு 24 அடி. ஒருத்தர் பெட்டி இன்னொருத்தர் கப்பல்ல பூட்டாது. கடைசியில 1963ல மெக்லீன் தன்னோட மூலைப்பூட்டு காப்புரிமையைக் காசு வாங்காம விட்டுக் கொடுத்தார். அதை அடிப்படையா வச்சுத்தான் உலகத்துக்கே பொதுவான மூலை வந்துச்சு. தமாஷ் என்னன்னா, அவரோட 35 அடி அந்தப் பொது அளவுல சேரவே இல்லை, 20ம் 40ம்தான் நின்னுச்சு. இன்னிக்கு ஓக்லண்ட்ல ஏத்தற பெட்டி தூத்துக்குடியில இறங்குது. பிளாஸ்டிக் பெட்டிக்காரங்களுக்கு மட்டும் ஏன் இது முடியாதுன்னு எனக்குப் புரியலை. பேட்டரிக்குப் பண்ற அதே வேலையை இப்போ பெட்டிக்கும் பண்றாங்க, அவ்வளவுதான்.

இவ்வளவு ஏன் யோசிச்சேன்னா, அப்பா. கோயமுத்தூர் பக்கம் தோட்டம் தோட்டமாப் போய் மோட்டார் ரிப்பேர் பார்க்கறவர். அஞ்சு தட்டு இரும்புப் பொட்டி ஒன்னு, டிவிஎஸ் கேரியர்ல பழைய டியூப் போட்டுக் கட்டியிருப்பார். போன ஞாயித்துக்கிழமை போன்ல, "ஏங்கண்ணு, அங்க ஒன்னு மேல ஒன்னு மாட்டற பொட்டி வருதாமா? யூட்யூப்ல பார்த்தேன். வர்றப்ப ஒன்னு கொண்டா."

"கொண்டாரலாங்ப்பா, ஆனா அதுக்கு ஜோடி அங்க கெடைக்காதுங்க. நாலு வருஷம் கழிச்சு இங்கயே கெடைக்குமான்னு சொல்ல முடியாதுங்க."

"ஜோடி எதுக்கு? வண்டியில ஒன்னுதான நிக்கும்."

அதுவும் சரிதான். டிசம்பர்ல ஊருக்குப் போறேன். மூணு அடுக்கு செட்டு வாங்க எடுத்து வச்ச காசுல, நல்ல சீல் இருக்கற ஒத்தப் பெட்டி ஒன்னு வாங்கப் போறேன். கேரியர் அகலத்தை அளந்து அனுப்பச் சொல்லியிருக்கேன். இன்னும் வரலை.