கிட்டாரும் வளரியும்

கல்லூரி விழாவில் நான் கிட்டாரெடுத்து ராக் இசை வாசித்தால், "இதுவா நம் பண்பாடு?" என்று முகஞ்சுளிப்போர் உண்டு. வயலினும் மேனாட்டிலிருந்து வந்ததுதானே? பாலுசாமி தீட்சிதர் அதைப் பயின்று கருநாடக இசைக்கு உரியதாக்கினார். பண்ணைப்புரத்து இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றவர். அவருடைய 'இளைய நிலா'வில் (1982) சந்திரசேகரின் கிட்டாரைக் கேட்டபின்னும் அது அந்நியக் கருவி என்பார் உளரோ? (மின்கிட்டாரின் இரைச்சல் சில வேளை எனக்கும் தலைவலிதான்!)

எனக்கு இன்னொரு பித்து, வளரி. பிறைபோல் வளைந்த வேட்டைத்தடி. மெலிந்த முனையைப் பிடித்துச் சுழற்றி எறிந்தால், கனத்த முனை முன்னோடிச் சென்று முயலை வீழ்த்தும். சின்ன மருது தமக்கு அதை எறியக் கற்பித்ததாகக் கர்னல் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் (1830) எழுதியுள்ளார். எங்கள் கீழக்குயில்குடியின் மீதோ 1914இல் குற்றப்பரம்பரைச் சட்டம் பாய்ந்தது, 1947இல்தான் நீங்கியது. கைரேகை பதித்து, இரவெல்லாம் காவலர் கண்முன் படுத்தெழுந்தவர் கையில் வேட்டைத்தடி எப்படித் தங்கும்?

வந்த கருவியைப் பயின்றோம்; இருந்த கருவியைப் பயில விடவில்லை.

வேட்டையாட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரியானதே. வாழைத்தண்டை நட்டு எறியலாமே! ஈட்டிக்கும் வட்டுக்கும் இடந்தரும் நம் விளையாட்டு விழாவில் வளரிக்கும் ஒரு மூலை ஒதுக்க உடற்கல்வி இயக்குநர் ஐயா மனம் வைக்க வேண்டும். கருவேலங்கட்டையில் நானே செதுக்கிய தடி ஒன்று தயாராக இருக்கிறது.