அரசு வழக்குரைஞருக்கு எது வெற்றி?

நீதிபதியின் அதிகாரத்தைப் பற்றியே நாம் பேசுகிறோம். அவர்முன் வழக்கைக் கொண்டுவருபவரைப் பற்றி எண்ணுவதில்லை. அமெரிக்கக் கூட்டரசுக்கு மாவட்டந்தோறும் வழக்கு நடத்தும் தலைமை வழக்குரைஞர்கள் 93 பேர். அதிபர் நியமிக்க, செனட் சபை ஒப்புதல் அளிக்கிறது. யார்மீது வழக்குத் தொடுப்பது, எதை விட்டுவிடுவது என்பது பெரும்பாலும் இவர்கள் கையில். தண்டனை பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விசாரணையின்றியே குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள். அப்படியானால் தீர்ப்பை உண்மையில் எழுதுபவர் யார்?

2001 செப்டம்பருக்குப் பின் பயங்கரவாதத் தடுப்பு இவர்களின் முதற்கடமையாயிற்று. அதில் நாம் குறை காணவில்லை. ஆனால் டெட்ராயிட்டில் நடந்ததைப் பாருங்கள், சகோதரர்களே! தாக்குதல் நடந்த ஆறாம் நாள், வட ஆப்பிரிக்க முஸ்லிம் இளைஞர்கள் சிலர் ஒரு வீட்டில் கைதாயினர். 2003-இல், அவர்களில் ஒருவரும் பின்னர்ப் பிடிபட்ட மற்றொருவரும் பயங்கரவாதத்திற்குத் துணைபோகச் சதி செய்தனர் என்று தீர்ப்பாயிற்று. எதிர்த்தரப்புக்கு உதவக்கூடிய சான்றுகளை அரசுத் தரப்பு மறைத்திருந்தது பிறகே வெளிப்பட்டது. அத்தகைய சான்றை ஒப்படைத்தே தீரவேண்டும் என்று 1963-இலேயே, பிரேடி வழக்கில், உச்ச நீதிமன்றம் விதித்திருந்தது. 2004-இல் நீதித்துறையே வேண்டிக்கொள்ள, பயங்கரவாதத் தீர்ப்பு நீக்கப்பட்டது.

தன் தரப்பின் தவறைத் தானே நீதிமன்றத்தில் எடுத்துவைத்த அந்த மனுவையே அவ்வழக்கில் அரசு பெற்ற வெற்றியாக நாம் கருதுகிறோம். வாங்கிக்கொடுத்த தண்டனைகளை எண்ணி வழக்குரைஞரை அளப்பவர்களுக்கு அது தோல்விக் கணக்கில்தான் சேரும்.