பதற்றம் ஏறினாலும் பேச்சு அறுபடக் கூடாது: மதுரை மக்களின் கோரிக்கைச் சாசனம்

இந்திய அரசுக்கும், தமிழ்நாடு அரசுக்கும், மதுரை மாவட்ட நிர்வாகத்துக்கும், எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மதுரை மாநகரிலும் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களிலும் வாழும் நாங்கள் முன்வைக்கும் சாசனம் இது.

பின்னணி

2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகளால் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாளே பாகிஸ்தானுடனான சிந்து நதி நீர் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தது. அட்டாரி எல்லைச் சோதனைச் சாவடி மூடப்பட்டது. தூதரகப் பணியாளர் எண்ணிக்கை 55-லிருந்து 30-ஆகக் குறைக்கப்பட்டது. பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடி, வணிகத்தையும் நிறுத்தியது. மே 7 அதிகாலை இந்தியாவின் ‘ஆபரேஷன் சிந்தூர்’ ராணுவ நடவடிக்கை தொடங்கியது. மே 10 மாலை சண்டை நின்றது.

அணு ஆயுதம் வைத்திருக்கும் இரு நாடுகள் மோதிக்கொண்ட அந்த நாட்களில் மதுரையில் சித்திரைத் திருவிழா. மே 7-ல் மீனாட்சியின் திக்விஜயம், 8-ல் திருக்கல்யாணம், 9-ல் தேர். சண்டை நின்ற இரண்டாம் நாள் அழகர் வைகையில் இறங்கினார். மாசி வீதிகளிலும் ஆற்றுக்குள்ளும் லட்சக்கணக்கில் திரண்ட ஜனங்களின் கைகளில் இருந்த செல்பேசிகளில், உண்மையும் புரளியும் ஒன்றாகவே வந்து விழுந்தன.

எல்லை எங்கோ வடக்கே இருக்கிறது. அங்கே நடப்பதற்கான விலையில் ஒரு பங்கை இந்த மண்ணும் கொடுத்துவருகிறது. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடனான மோதலில் உயிர்நீத்த 20 வீரர்களில் ஹவில்தார் பழனி, ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்தவர். 2022 ஆகஸ்ட் 11 அன்று ரஜௌரி முகாமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் மாண்ட படைவீரர் லட்சுமணனின் உடல் வந்து சேர்ந்தது மதுரை மாவட்டம் டி.புதுப்பட்டிக்கு.

எங்கள் நிலை

பயங்கரவாதத்தை நாங்கள் தயக்கமின்றிக் கண்டிக்கிறோம். நாட்டைக் காக்கும் உரிமையும் கடமையும் அரசுக்கு உண்டு. ஆனால் சண்டை மூளும் நாளில்கூட எதிரியோடு பேச ஒரு வழி திறந்திருக்க வேண்டும். மே 10 சண்டை நிறுத்தம், இரு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களும் தொலைபேசியில் பேசிய பிறகே அமலுக்கு வந்தது.

இன்னொரு சான்றும் உண்டு. அணுசக்தி நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இரு நாடுகளும் 1988-ல் ஒப்பந்தம் செய்தன. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று தத்தம் அணுசக்தி நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போரோ, நாடாளுமன்றத் தாக்குதலோ, புல்வாமாவோ இந்த வழக்கத்தை நிறுத்தவில்லை. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு வடக்கே சில மணி நேரப் பயணத் தொலைவில் குடியிருக்கும் எங்களுக்கு இந்த ஒப்பந்தத்தின் அருமை தெரியும்.

இந்திய அரசிடம்

1. 2019 ஆகஸ்டில் தூதரக உறவின் நிலை குறைக்கப்பட்டதிலிருந்து டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் முழுநேரத் தூதர்கள் இல்லை. தூதரை அனுப்புவது எதிராளிக்குத் தரும் பரிசு என்ற எண்ணத்தைக் கைவிட்டு, அவரவர் தூதரை மீண்டும் நியமிக்கும் பேச்சைத் தொடங்க வேண்டும்.

2. ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே தெரிவிக்கும் 2005-ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டுமே பொருந்தும். 2022 மார்ச் 9 அன்று நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதற்காக விமானப்படை அதிகாரிகள் மூவர் பதவி நீக்கப்பட்டார்கள். பிரம்மோஸ் போன்ற க்ரூஸ் ஏவுகணைகளையும் டிரோன்களையும் அந்த ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர வேண்டும். தவறு நேர்ந்தால் சில நிமிடங்களில் தகவல் சொல்லும் முறையும் வேண்டும்.

3. 1960-ல் கையெழுத்தான சிந்து ஒப்பந்தம் 1965, 1971, 1999 போர்களைத் தாண்டி நின்றது. அதில் திருத்தம் வேண்டுமென்றால் பேசித் திருத்த வேண்டும். பேரணையிலிருந்து வரும் பெரியாறு கால்வாயை நம்பி நாற்றங்கால் போடும் சம்சாரிகள் நாங்கள். எங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் 1886-ல் திருவிதாங்கூரோடு போட்ட ஒப்பந்தத்தின் தண்ணீர். பெரியாறு அணையின் நீர்மட்டம் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2014-ல் 142 அடி என்று தீர்ப்பானது. வழக்கு நடந்த காலமெல்லாம் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. அந்த முறையே எங்கும் நல்லது.

4. மே 10-ல் நின்ற சண்டையைப் பற்றி மக்களவை விவாதிக்கத் தொடங்கியது ஜூலை 28-ல். இனி இப்படி நேர்ந்தால், சண்டை நின்ற இரண்டு வாரத்துக்குள் நாடாளுமன்றத்தைக் கூட்ட வேண்டும்.

5. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணிக்குச் சேரும் இளைஞர் களத்தில் இறந்தால், குடும்பத்துக்கு 48 லட்சம் ரூபாய் காப்பீடு உள்ளிட்ட தொகை கிடைக்கும். மாத ஓய்வூதியம் கிடையாது. ஒரே பதுங்குகுழியில் ஒரே குண்டுக்குப் பலியாகும் இருவரில் ஒருவரின் மனைவிக்கு மட்டும் ஓய்வூதியம் என்பது அநீதி. அக்னிவீரர் குடும்பங்களுக்கும் நிரந்தரப் படைவீரருக்கு உரிய குடும்ப ஓய்வூதியம் வேண்டும்.

தமிழ்நாடு அரசிடம்

6. 2025 ஜூன் 23 அன்று கத்தாரின் அல் உதெய்த் அமெரிக்கத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை வீசியது. வளைகுடா வான்வெளிகள் மூடப்பட, விமானங்கள் பாதி வழியில் திரும்பின. அங்கே மகனோ கணவனோ வேலை பார்க்கும் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. 1990-ல் குவைத் நெருக்கடியின்போது 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானம் மூலம் மீட்கப்பட்டார்கள். அடுத்த நெருக்கடி வரும்வரை காத்திராமல், வெளிநாட்டில் வேலை செய்வோரின் பதிவேட்டையும் 24 மணி நேர உதவி மையத்தையும் மதுரையில் இப்போதே அமைக்க வேண்டும். மீண்டு வருவோரின் கடன் தவணைக்கு அவகாசமும் பெற்றுத் தர வேண்டும்.

7. நாட்டின் சமையல் எரிவாயுத் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பெரும்பகுதி ஹோர்முஸ் நீரிணை வழியாக வருகிறது. அங்கே கப்பல் நின்றால் இங்கே புரோட்டாக் கடை அடுப்பு அணையும். தட்டுப்பாட்டுக் காலத்தில் வீடு, மருத்துவமனை, சிறு உணவகம் ஆகியவற்றுக்குச் சிலிண்டர் பங்கிடும் திட்டத்தை முன்கூட்டியே வெளியிட வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம்

8. சித்திரைத் திருவிழா போன்ற பெருங்கூட்ட நாட்களுக்கென்றே அவசரநிலைத் திட்டம் வேண்டும்: எந்த வீதி வழியாக வெளியேறுவது, எந்த ஒலிபெருக்கியில் யார் பேசுவது, புரளி கிளம்பினால் எத்தனை நிமிடத்தில் தமிழில் மறுப்பது. ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகையும் நடத்த வேண்டும்.

9. பஹல்காமுக்குப் பிறகு நாட்டின் பல ஊர்களில் காஷ்மீரி மாணவர்களும் வியாபாரிகளும் மிரட்டப்பட்டார்கள். மீனாட்சி கோயிலைச் சுற்றிய வீதிகளில் கடை வைத்திருக்கும் காஷ்மீர் வியாபாரிகளுக்கும், முஸ்லிம்கள் அதிகம் வாழும் காஜிமார் தெரு, கோரிப்பாளையம், நெல்பேட்டை மக்களுக்கும் பதற்ற நாட்களில் காவல்துறை முன்னதாகவே பாதுகாப்பு தர வேண்டும்.

ஊடகங்களிடம்

10. கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று சண்டை நடந்த மே மாத இரவொன்றில் பல தொலைக்காட்சிகள் சொன்னது பொய். பஹல்காமில் கணவரை இழந்த பெண்ணொருவர், முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் குறிவைக்காதீர்கள் என்று வேண்டியதற்காகவே இணையத்தில் வசைபாடப்பட்டார். போர்ச் செய்தியைச் சரிபார்த்த பிறகே வெளியிட வேண்டும். தவறினால், பொய் ஒளிபரப்பான அதே நேரத்தில், அதே அளவில் திருத்தம் வர வேண்டும்.

எங்கள் பங்கு

உறுதிப்படாத காணொளியைப் பகிர மாட்டோம். பெட்ரோலையும் அரிசியையும் பதுக்க மாட்டோம். அண்டை வீட்டாரிடம் தேசப்பற்றுக்குச் சான்று கேட்க மாட்டோம். படைவீரர் குடும்பத்தை மாலை போடும் நாளில் மட்டும் நினைத்துக்கொள்ளாமல், ஓய்வூதிய அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் துணையாகப் போவோம்.

இந்தச் சாசனத்தைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கிறோம். எங்கள் மாவட்டத்தின் சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய மதுரை, விருதுநகர், தேனி மக்களவைத் தொகுதிகளின் உறுப்பினர்களுக்கும் நகல் அனுப்புகிறோம். 60 நாட்களுக்குள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்து மூலம் பதில் வேண்டும்: ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா, மறுத்தால் என்ன காரணம். வரும் பதில்களையும் வராத பதில்களின் பட்டியலையும் காந்தி அருங்காட்சியகத்தில் பொதுக்கூட்டம் கூட்டி மக்கள் முன் படிப்போம். மூன்று உறுப்பினர்களும் அங்கே வந்து, இவற்றில் எதை நாடாளுமன்றத்தில் எழுப்பினோம் என்று சொல்ல வேண்டும்.